கூட்டாமல் விட்ட இடம்

ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதும் ஃபைஸான், தொழிற்பேட்டைத் தூசி தாங்காமல் தரை கூட்டும் ரோபோ ஒன்றை ஆசையாக வாங்கினான். ஜன்னலோரம் வெறுந்தரையில் அது எதையோ சுற்றிக்கொண்டு போனது. சென்சாரைத் துடைத்தான், அப்டேட் போட்டான், கடைசியில் அதைக் கொடுத்து வேறொன்று மாற்றி வாங்கினான். புதியதும் அங்கேயே விலகியது.

"அங்க எதாச்சும் வச்சியா?" என்று மனைவி ஆஃப்ஷீனைக் கேட்டான்.

"நான் என்னத்தங்க வைக்கப் போறேன்? மெசினுக்காக என்னையப் போய் சந்தேகப்படுறீங்களே."

குனிந்து பார்த்தான். கூட்டாமல் விட்ட தூசி இரண்டு பாதங்களின் வடிவில் கிடந்தது. விரல்கள் அவன் நாற்காலியைப் பார்த்திருந்தன. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தான்.

மறுநாள் ரோபோ ஜன்னலோரத்தைத் தங்குதடையின்றிக் கூட்டியது. பிறகு, அவன் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால் வந்து எதையோ சுற்றிக்கொண்டு போனது.