தலைவர் வீட்டு முறை

“நிறுத்தும்மா. கெட்டிலைக் கீழே வை.”

அவள் வைக்கவில்லை. புனல் வழியாக வெந்நீர் துப்பாக்கிக் குழலுக்குள் இறங்கி, மறுமுனையில் சாம்பல் நிறமாக வாளியில் விழுந்துகொண்டிருந்தது. முழுக்க ஊற்றி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

துப்பாக்கி கிளப்பின் தலைவர் வாசலில் நின்றார். எல்லாரும் அவரை மேஜர் என்பார்கள். பட்டாளத்தை அவர் பார்த்ததில்லை. மீசைக்குக் கிடைத்த பட்டம். பின்னால் கிளப்பின் செயலாளர், பல் டாக்டர். அவர் கையில் அவளுடைய கோப்பு. ஆயுத அறைக்குப் பொறுப்பாக அவள் வந்து மூன்று மாதம் ஆகிறது. வேலை நிரந்தரமா, இல்லையா என்று இன்றைக்கு எழுதியாக வேண்டும்.

“பார்த்தீங்களா டாக்டர்? இரும்புக்குள்ள தண்ணி ஊத்துறா. நாற்பது துப்பாக்கிக்கும் தண்ணி தெளிச்சு விட்டாச்சு.”

“ஐயா, இப்போ நாம சுடுறது பழைய ராணுவத் தோட்டா. அது வெடிச்சா குழலுக்குள்ள உப்பு படியும். உப்பு எண்ணெயில கரையாது. இருந்த இடத்துல இருந்தே துருவை இழுத்துட்டு வரும். முதல்ல வெந்நீர், அப்புறம் ஈரமில்லாம துடைக்கணும், கடைசியிலதான் எண்ணெய்.”

“முப்பது வருஷமா சுடுறேன். எண்ணெயும் துணியும்தான். துப்பாக்கி என்ன கைக்குழந்தையா, குளிப்பாட்டி விட?”

“அழுக்குத் தலையில எண்ணெய் வச்சா நல்லாவா இருக்கும் ஐயா?”

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. மீசை தன் பக்கம் திரும்பியதும் அதை இருமலாக்கிக்கொண்டார்.

“எனக்கே தண்ணி காட்டப் பார்க்கிறா,” என்றார் மேஜர். தோளிலிருந்த உறையை இறக்கி, தன் சொந்தத் துப்பாக்கியை உருவி மேசைமேல் வைத்தார். “மூணு மாசமா நானும் இதே தோட்டாவைத்தான் சுடுறேன். இன்னிக்குக் காலையிலகூட அறுபது. வீட்டுக்குப் போய் எண்ணெய் போட்டுட்டு நேரா வரேன். உள்ளே பாருங்க டாக்டர்.”

டாக்டர் சட்டைப்பையிலிருந்து சின்ன டார்ச்சையும், பல் பார்க்கும் கண்ணாடியையும் எடுத்தார்.

“ஆ காட்டுங்க,” என்றார் பழக்கதோஷத்தில்.

துப்பாக்கி காட்டியது.

“பளிச்சுன்னு இருக்கு மேஜர். ஒரு சொத்தை இல்லை.”

“நீயும் பாரும்மா. அப்புறம் கிழவன் ஏமாத்திட்டான்னு சொல்லக் கூடாது.”

அவள் குனிந்து பார்த்தாள். அவளுக்குப் புரியவில்லை. மூன்று மாதம் எண்ணெய் மட்டும் பட்ட குழலில் ஒரு செம்புள்ளியாவது இருந்தாக வேண்டும். இதில் ஒன்றுகூட இல்லை. குழலைத் தாங்கும் மரக்கட்டையின் அடியில் கைகொடுத்துத் துப்பாக்கியைத் திருப்பினாள். கையை எடுத்து, விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தாள்.

“என்னம்மா, துரு கிடைச்சுதா?”

“நல்லாப் பார்த்துக்கிறீங்க ஐயா. இதுல குறை சொல்ல ஒண்ணுமில்லை.”

“அப்படி வா வழிக்கு. டாக்டர், எழுதுங்க. இனிமே எண்ணெய் மட்டும்தான். சம்மதம்னா இருக்கட்டும், இல்லைன்னா வேற ஆள் பார்ப்போம்.”

டாக்டர் பேனாவைத் திறந்துகொண்டு அவளைப் பார்த்தார். “ஒத்துக்கோம்மா. இப்பத்தானே பொண்ணைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல சேர்த்திருக்கே. துப்பாக்கி துருப்பிடிச்சா கிளப் பாடு.”

அவள் சுவரோரம் வரிசையாகச் சாய்ந்திருந்த நாற்பது துப்பாக்கிகளையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

“ஒத்துக்கிறேன் டாக்டர். ஆனா ‘எண்ணெய் மட்டும்’னு எழுத வேண்டாம். ‘தலைவர் தம் துப்பாக்கியை வீட்டில் எப்படிப் பராமரிக்கிறாரோ, அப்படியே கிளப் துப்பாக்கிகள் அனைத்தையும் பராமரிக்க வேண்டும்’னு எழுதுங்க.”

“ரெண்டும் ஒண்ணுதானேம்மா?”

“ஒண்ணுதான். ஆனா ஐயா பேர் இருந்தா ஒரு கெத்து.”

மேஜர் மீசையைத் தொட்டார். விட்டார். மறுபடி தொட்டார்.

“அப்படியேன்னா?”

“அப்படியேதான் ஐயா. நீங்க வீட்டுல செய்யற எதையும் விட மாட்டேன். செய்யாத எதையும் செய்ய மாட்டேன்.”

மேஜர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். அதில் கேலி எதுவும் இல்லை.

“எழுதுங்க டாக்டரே,” என்றார். “வேலை நிரந்தரம்னும் சேர்த்தே எழுதிடுங்க. என் முறைப்படி நடக்கிறேன்னு சொல்ற பொண்ணை எந்த வாயால போகச் சொல்றது?”

டாக்டருக்கு முகமெல்லாம் பல். “நல்லது, நல்லது. அப்போ இந்தக் கெட்டிலை எடுத்து உள்ளே வச்சிடலாமா?”

“இருக்கட்டும், இருக்கட்டும்,” என்றார் மேஜர் அவசரமாக. “டீ போடவாவது ஆகும்.”

“புனலு?”

“உங்களுக்கு எழுதுற வேலை முடிஞ்சுதா, இல்லையா?”

டாக்டர் வாயை மூடிக்கொண்டு எழுதினார். சொன்ன வாக்கியத்தை எழுத்து மாறாமல் எழுதி, ‘தலைவர்’ என்பதன் கீழ் ஒரு கோடும் போட்டார். மேஜர் கையெழுத்திட்டார். பிறகு டாக்டர் தன் கையெழுத்துக்காகக் குனிந்தார்.

மேஜர் துப்பாக்கியை உறையில் இறக்குவதற்காகத் தூக்கி நிமிர்த்தினார். மரக்கட்டைக்கும் குழலுக்கும் நடுவிலிருந்த இடுக்கில் எதுவோ நகர்ந்தது. தெளிந்த தண்ணீர், ஒரே ஒரு சொட்டு, டாக்டரின் பேனாவுக்கு நாலு விரல் தள்ளி மேசைமேல் விழுந்தது.

அவள் தோளில் கிடந்த துணியை எடுத்து அதைத் துடைத்தாள்.