பாலத்தின் மேல் ஒரு புள்ளி

செயற்கைக்கோள் காட்டும் இடம் எப்போதும் கொஞ்சம் தள்ளித்தான் விழும். வண்டி உண்மையில் எந்தச் சாலையில் போனது என்று கண்டுபிடிக்கக் கணினியைப் பழக்குவது அவள் வேலை. ஆயிரக்கணக்கான பயணங்களைப் பார்த்துப் பார்த்து அது நன்றாகவே தேறிவிட்டது. அவளுடைய காரை மட்டும் பிடிவாதமாகத் தப்பான சாலையில் காட்டியது.

ஆற்றுப் பாலத்தில் அக்கா விபத்தில் போன நாளிலிருந்து அவள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு, ஊரையே சுற்றித்தான் வீடு திரும்புவாள். வரைபடத்திலோ அவள் கார் தினமும் பாலத்தில் ஏறியது. நடுவில் சற்று நின்றது. பிறகு கிளம்பியது.

"உங்க வண்டி உங்க பேச்சையே கேக்காது போலிருக்கே மேடம்," என்று சிரித்தான் பக்கத்து மேசைக்காரன். "ஒரு தடவ நிஜமாவே பாலத்து வழியா போய்ப் பாருங்க. ரெண்டையும் ஒப்பிட்டா எங்க தப்புன்னு தெரிஞ்சிடும்."

அன்று மாலை மனதைக் கல்லாக்கிக்கொண்டு பாலத்தில் ஏறினாள். எங்கும் நிறுத்தவில்லை, பக்கவாட்டில் திரும்பிப் பார்க்கவும் இல்லை. மறுகரை வந்த பிறகுதான் மூச்சே வந்தது.

பின்னிருக்கையில் மகள் ஓரமாக ஒதுங்கி, பின்கண்ணாடி வழியே பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இன்னிக்கு மட்டும் பெரியம்மாவ ஏத்திக்கல?"