இரவல் கணக்கு

திரையில் ஒரு சிவப்புக் கோடு படுத்துக் கிடந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் தலை தூக்கியிருந்த கோடு அது. அப்புறம் மாதா மாதம் சரிந்து, இப்போது தரையோடு தரையாக ஓடியது. பள்ளி நூலகத்தில் பிள்ளைகள் இரவல் வாங்கிய புத்தகங்களின் கணக்கு.

போன மாதம் எத்தனை என்று தலைமையாசிரியை கேட்டார். துணைத் தலைமையாசிரியர் திரையைச் சுட்டி, நான்கு என்றார். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

நூலக டீச்சர் சிரிக்கவில்லை. அந்த நான்கையும் எடுத்தவள் அவளேதான்.

அந்தப் படத்தைப் போடத் துணைத் தலைமையாசிரியருக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். விடுமுறையில் ஆசிரியர்களுக்கு நடந்த கணினிப் பயிற்சியில், எதை அமுக்க வேண்டும் என்று நான்கு முறை கேட்டார் மனுஷன். ஐந்தாவது முறை கையைப் பிடிக்காத குறையாகக் கற்றுக்கொடுத்தாள். சரிவைச் சிவப்பில் காட்டுங்கள் சார், பார்க்கிறவர்களுக்குச் சட்டென்று உறைக்கும் என்றும் சொல்லிவைத்தாள். நல்ல மாணவர். சொன்னதை அப்படியே செய்திருந்தார்.

அந்தப் பள்ளியில் அவளுக்கு இரண்டு வேலை. காலையில் நூலகம், மதியம் கணினி வகுப்பு. இரண்டுக்கும் நடுவே எவர் கணினி மக்கர் பண்ணினாலும், எவர் கடவுச்சொல்லை மறந்தாலும் அவளைத் தேடித்தான் ஆள் வரும். பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் பாஸ்வேர்ட் டீச்சர். புத்தக டீச்சர் என்று ஒருவராவது கூப்பிட மாட்டார்களா என்று பதினோரு வருடமாகக் காத்திருக்கிறாள்.

கூட்டத்தில் பேசியதன் சாரம் இதுதான். யாரும் எட்டிப் பார்க்காத அறைக்கு எதற்கு அவ்வளவு இடம்? அலமாரிகளை அப்புறப்படுத்தினால் இன்னும் முப்பது கணினிகள் போடலாம். புத்தகங்களைக் கேட்கிறவர்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிடலாம். டீச்சருக்கும் பாவம், வேலை பாதியாகக் குறையும்.

அவளுக்கு என்னவோ உபகாரம் செய்வதுபோல எல்லாரும் தலையாட்டினார்கள்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்களில் ஒருவர்கூட இரண்டாவது மாடிக்கு ஏறி வந்ததில்லை. வந்திருந்தால், கதைப் புத்தக அலமாரியில் பாதி காலியாக இருப்பது தெரிந்திருக்கும். அத்தனையும் பிள்ளைகளின் பைகளிலும் தலையணைக்கு அடியிலும் இருந்தன. இடைவேளை மணி அடித்தால் அந்த அறையில் நிற்க இடம் கிடைக்காது.

கணினியில் மட்டும்தான் அது ஏறவில்லை. அட்டையில் இருக்கும் பார்கோடைக் கருவியில் காட்டாமல், அவளே சும்மா கொடுத்தனுப்புகிறாள்.

இதை எழுந்து சொன்னால் நூலகம் பிழைத்துவிடும். அவளுக்கு ஒரு மெமோ வரும். வரட்டும், வாங்கிக்கொள்ளலாம். ஆனால் யார் யார் எடுத்தார்கள் என்று பெயர் கேட்பார்கள்.

டீச்சர் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று தலைமையாசிரியை கேட்டார். அவள் எழுந்து நின்றாள். நுனி நாக்குவரை வந்துவிட்டது.

அதற்குள் துணைத் தலைமையாசிரியர் முந்திக்கொண்டார்.

“என் பொண்ணையே பாருங்க டீச்சர், ஏழாவது படிக்கிறா. ரெண்டு வருஷமா ஒரு புக்குகூட எடுத்ததில்ல. நம்ம வீட்டுப் பிள்ளையே எடுக்கலன்னா வேற யாரு எடுக்கப் போறாங்க?”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவருக்கு எதுவும் ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை.

கணினியில் ஏறிய புத்தகம் பதினைந்து நாளில் திரும்பாவிட்டால், பெற்றவர்களின் கைபேசிக்குத் தானாகவே செய்தி போய்விடும். இரண்டு வருடத்துக்கு முன் அந்த வசதியைக் கொண்டுவந்தவளும் அவள்தான். இதே அறையில் அவளுக்குக் கைதட்டினார்கள்.

முதல் நாள் பதினேழு வீடுகளுக்குச் செய்தி போனது. அதில் ஒன்று அவருடைய வீடு.

மறுநாள் காலை முதல் மணி அடிப்பதற்கு முன்பே அவருடைய பெண் புத்தகத்தோடு வந்து நின்றாள். உதடு வீங்கியிருந்தது. கதவில் இடித்துக்கொண்டேன் மிஸ் என்றாள். இனிமேல் புத்தகம் வேண்டாம், அப்பாவுக்கு மெசேஜ் போகும் என்றாள். சொல்லிவிட்டுப் போகாமல், அலமாரியில் இருந்த புத்தகங்களின் முதுகை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே நின்றாள்.

அன்றைக்குத்தான் அந்தப் பார்கோடு கருவியை டீச்சர் மேசை இழுப்பறைக்குள் போட்டாள். முதலில் அந்தப் பெண்ணுக்காக மட்டும். அப்புறம் பயந்து பயந்து கேட்ட இன்னும் சிலருக்காக. அப்புறம் எல்லாருக்காகவும்.

இரண்டு வருடத்தில் அந்தப் பெண் படித்து முடித்தவை நூற்றுப் பன்னிரண்டு. நேற்றும் ஒன்று எடுத்துப் போயிருக்கிறாள்.

எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“உங்க கணக்கு சரிதான் சார்,” என்று சொல்லிவிட்டு டீச்சர் உட்கார்ந்தாள்.