காலிப் பொறி

"இன்னைக்கும் பொறியில ஒரு அந்துப்பூச்சி கூட விழல!" வயலிலிருந்து திரும்பிய கணவர் தலையைச் சொறிந்தார். "பக்கத்து வயல்ல அள்ளுது. நம்ம கொண்டைக்கடலை மட்டும் கசக்குதா?"

"ராத்திரிக்கு எட்டுப் பூச்சி விழுந்தாதான் மருந்து அடிக்கணும்னு விவசாய ஆபீசரே சொன்னாருல்ல? விடுங்க."

"காயெல்லாம் ஓட்டையா இருக்கேடி!"

நான் சோப்பை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனேன்.

போன வருடம் மருந்து அடிக்கும்போதே வரப்பில் சுருண்டு விழுந்தவர், ஐந்து நாள் கண் திறக்கவில்லை. இன்னொரு தடவை உடம்பு தாங்காது என்றார் டாக்டர். வேறு ஆளை வைத்து அடிக்கச் சொன்னால், "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பார் இந்த மனுஷன்.

கையை மறுபடியும் சோப்புப் போட்டுக் கழுவினேன். விடியுமுன் அந்தப் பொறியிலிருந்து நான் எடுத்து வீசிய பூச்சிகள், இன்று மட்டும் பதினேழு.