வேலிக்கு வெளிய ஒரு நிழல்

"இதை எடுத்தவனைத் தூக்கி உள்ள போடணும்!"

நான்தான் கத்துனேன். வேற யாரு?

ஆஸ்திரேலியாவுல, ஹோபார்ட் ஊர்ல எங்க போட்டோகிராபி காலேஜ்ல வெள்ளிக்கிழமைன்னா விமர்சன வகுப்பு. படத்தைச் சுவத்துல குத்தணும், பேரு போடக் கூடாது. எல்லாரும் பேசி முடிக்கிற வரைக்கும் கொண்டுவந்தவங்க வாயே திறக்கக் கூடாது. எடுத்தது யாருன்னு தெரிஞ்சா நம்ம கண்ணு கெட்டுப் போயிடுமாம். வாத்தியார் டெஸ்ஸோட சட்டம்.

அன்னிக்கு ஏழு படம். பழைய கறுப்பு வெள்ளை. ஏழுலயும் ஒரே பொண்ணு, ஒரே பள்ளிக்கூடத்து மைதானம். அஞ்சு வயசுலேர்ந்து பதினொண்ணு வரைக்கும், வருஷத்துக்கு ஒண்ணு. எல்லாமே கம்பி வேலிக்கு வெளிய நின்னு எடுத்தது.

கீழ் ஓரத்துல தொப்பி போட்ட ஒரு நிழல். படத்துக்குப் படம் அது அந்தப் பொண்ணுகிட்ட நெருங்கிட்டே வருது.

"வெளிச்சம் அருமையா விழுந்திருக்கே"ன்னான் லாக்லன்.

"உன் மூஞ்சி! உன் தங்கச்சியை ஒருத்தன் ஏழு வருஷம் ஒளிஞ்சு நின்னு எடுத்தா, அப்பவும் வெளிச்சம்தான் பாப்பியா?"

"டாம்சின், படத்தைப் பாரு. எடுத்தவரை விடு"ன்னார் டெஸ்.

"எப்படி விடுறது டெஸ்? ஆளு படத்துக்குள்ளயே நிக்கிறானே!"

ஒண்ணைப் பிடுங்கித் திருப்புனேன். பென்சில்ல 'ஆகஸ்ட் 9'. இன்னொண்ணு. அதுலயும் ஆகஸ்ட் 9. ஏழுலயும் அதே தேதி.

"பாத்தீங்களா? நாள் குறிச்சு வேட்டையாடியிருக்கான்!"

கடைசிப் படத்துல அந்தப் பொண்ணு நேரா கேமராவைப் பாக்குறா. வாய் திறந்திருக்கு. நீட்டின விரல் நம்மளையே காட்டுது.

"அதுக்கப்புறம் படமே இல்ல. அந்தப் புள்ள என்ன ஆச்சோ?"

டெஸ் தொண்டையைச் செருமுனார். "சரி, எல்லாரும் பேசியாச்சு. கொண்டுவந்தவங்க சொல்லலாம்."

கடைசி வரிசையிலேர்ந்து க்ளெனிஸ் எழுந்தாங்க. அறுபது வயசுல எங்களோட படிக்க வந்தவங்க. வாராவாரம் எலுமிச்சை கேக் கொண்டுவருவாங்க. வகுப்புல நான் திட்டாத ஒரே ஆளு.

"க்ளெனிஸ்... நீங்களா எடுத்தீங்க?"

"இல்ல கண்ணு. அதுல இருக்கிறது நான்."

க்ளெனிஸ் சுவத்துகிட்ட வந்து நின்னாங்க.

"ஆகஸ்ட் ஒன்பது என் பொறந்தநாள். கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு எதுக்குப் புள்ளன்னு, ஆஸ்பத்திரியிலயே என்னைப் பிடுங்கி வேற வீட்டுக்குத் தத்து குடுத்துட்டாங்க. அப்பல்லாம் இங்க அப்படித்தான். அம்மா முகம்கூட எனக்குத் தெரியாது. நான் படிச்ச ஸ்கூலை எப்படிக் கண்டுபிடிச்சாங்களோ... போன மாசம் அவங்க தவறிட்டாங்க. இந்தப் படமெல்லாம் தபால்ல வந்துச்சு."

திரும்பிப் பாத்தேன். அதே நிழல்தான். இப்ப அது அந்தப் பொண்ணோட தலையைத் தடவ வர்ற மாதிரி இருந்துச்சு.

"மன்னிச்சுக்கோங்க க்ளெனிஸ். நான் பாட்டுக்கு வாய்க்கு வந்தபடி..."

"நீ ஒண்ணும் தப்பாக் கத்தல கண்ணு." கடைசிப் படத்தை விரலால தொட்டாங்க. "அன்னிக்கு நானும் இதையேதான் கத்துனேன். டீச்சர் போலீஸைக் கூப்பிட்டாங்க. அதுக்கப்புறம் அம்மா வரவே இல்ல."