நூற்றியெட்டுத் தேங்காய்

"சிஸ்டர், எனக்கு சீட் கிடைச்சிடும் போலிருக்கு!"

செல்போனும் கையுமாகத் துள்ளிக் குதித்தாள் டாக்டர் கவிப்பிரியா. கடத்தூர்ப் பக்கத்துக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் அது. புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொள்ளக் காலை நீட்டியிருந்த காளியப்பன், நீட்டியபடியே விழித்தார்.

"மேல்படிப்பு சீட்டெல்லாம் காலியாக் கிடக்குதாம். நீட் கட்-ஆஃபைக் குறைச்சிட்டாங்க. பதினொரு மார்க்குல கோட்டை விட்டேனே, இப்ப உள்ள வந்துட்டேன்!"

"ரொம்ப சந்தோஷங்க டாக்டர்" என்றாள் நர்ஸ் லூர்துமேரி. குரல் ஏனோ கம்மியது.

"அப்ப எங்களை வுட்டுட்டுப் போயிடுவீங்களாம்மா?" என்றார் காளியப்பன்.

"மூணு வருஷம்தாங்கய்யா. படிச்சு முடிச்சதும் ஓடி வந்துடுவேன்!"

வந்த டாக்டரெல்லாம் மூன்றே மாதத்தில் மாறுதல் வாங்கிக்கொண்டு பறந்த ஊர் இது. கவிப்பிரியா மட்டும்தான் இரண்டு வருஷம் தாக்குப்பிடித்தாள். வேறு ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்ட காளியப்பனின் காலைக் காப்பாற்றிக் கொடுத்தவளும் அவள்தான்.

ஊரும் லேசுப்பட்டதல்ல. "உங்க பரீட்சைக்காக மாரியம்மனுக்கு நூத்தியெட்டுத் தேங்காய் வேண்டியிருக்காங்க டாக்டர்" என்று லூர்துமேரிதானே வந்து சொன்னாள்! தேர்வில் கோட்டை விட்டு அவள் அழுது முகம் வீங்கிக் கிடந்த வாரத்தில், வீட்டுக்கு வீடு டப்பா டப்பாவாகத் தேங்காய் பர்பி வந்து குவிந்தது. அடேயப்பா, அந்த அன்பை மறக்க முடியுமா?

"ஐயா, லேட்டானாலும் உங்க வேண்டுதல் பலிச்சிடுச்சு பாத்தீங்களா? நாளைக்கே கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைச்சிடலாம். நூத்தியெட்டும் என் செலவு!"

லூர்துமேரி திருதிருவென்று முழித்தாள். காளியப்பன் தலையைச் சொறிந்தார்.

"அதெல்லாம் அப்பவே உடைச்சாச்சுங்கம்மா."

"அப்பவேன்னா?"

வேண்டாம் வேண்டாம் என்று லூர்துமேரி கண்ணைக் காட்டினாள். வெள்ளந்தி மனுஷன், அதையெல்லாம் எங்கே கவனித்தார்?

"உங்க ரிசல்ட்டு வந்த மறுநாளுங்க."

"அப்ப நான் ஃபெயிலாச்சேங்கய்யா!"

"அதுக்குத்தானுங்களே வேண்டிக்கிட்டோம்!"