வாசலைக் காட்டிய சாமி

பழத்தட்டு வாசலில் போய் விழுந்தது. அதைத் தள்ளிவிட்ட குற்றாலத்து மௌனச்சாமி விரலை நீட்டி வெளியே காட்டினார்.

"அவ்வளவுதாம்மா. கூட்டிட்டுப் போ. இனி தேறாது" என்றான் சீடன் குற்றாலிங்கம்.

உலகம்மை நகரவில்லை.

சாமி வாய் திறந்து வருஷக்கணக்காகிறது. திருநீறு கொடுத்தால் நோய் தீரும். வாசலைக் காட்டினால் ஆள் போய்ச் சேர்ந்துவிடுவான். இதுவரை தப்பியதில்லை.

அவள் புருஷன் சங்கிலிப்பாண்டிக்கு நாக்கோரத்தில் புண். புகையிலை அடக்கி அடக்கி வந்தது. தென்காசி டாக்டர் புற்று என்றார். நாகர்கோவில் பக்கம் மிஷன் ஆஸ்பத்திரியில் பாதி நாக்கை வெட்டி ரேடியம் வைப்பார்களாம். இப்போதே போனால் பிழைக்கலாமாம்.

"நாக்கை அறுத்துட்டு ஊமையாத் திரியவா?" என்று சாமியிடம் வந்தவன் அவன். இப்போது துண்டை உதறித் தோளில் போட்டான்.

"சாமியே சொல்லியாச்சு. வீட்டுக்கு வா."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சாமியாவது பூதமாவது! ஒரு வார்த்தை ஆறுதலாச் சொன்னா முத்தா உதிர்ந்துரும்? போன வருஷம் சாரலுக்கு எங்க அண்ணன் இதே புண்ணோட வந்தான். இப்படித்தான் கை காட்டுனீரு. போய்ப் படுத்தவன் எந்திரிக்கலையே!"

"ஏட்டி, சாமியையா ஏசுத?" குற்றாலிங்கம் பாய்ந்தான்.

சாமி அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். சங்கிலிப்பாண்டி முன்னால் குத்தவைத்து, வாயைத் திறந்து காட்டினார்.

பாதி நாக்குதான் இருந்தது. ஆறிப்போன வடு.

"அதே ஆஸ்பத்திரிதான்." வாயில் சோற்றோடு பேசுவதுபோல் குழறல். ஆனால் புரிந்தது. "ஊருல பேசினாச் சிரிச்சானுவ. பேச்சை விட்டேன். இங்கன வந்தா மௌனச்சாமின்னு கால்ல விழுந்தானுவ. இருந்துட்டேன். உசுரு இருக்குல்லா? போலே, இன்னைக்கே போ."

சங்கிலிப்பாண்டி ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப எழுந்தான்.

சாமி எழவில்லை. உலகம்மையையே பார்த்தார்.

"நான் ஆஸ்பத்திரிக்குப் போகத்தாம்லா கை காட்டுனேன். ஒங்க அண்ணன் வீட்டுக்கா போனான்?"

"நீரு கை காட்டுன எல்லாருமே வீட்டுக்குத்தான் போனாங்க, சாமி."